பெங்கொலோத்தின் பெயரை வெட்டிவிடாதீர்கள்

தமிழில் ஃபேண்டசி எழுதுகிற, மொழிபெயர்க்கிற, பதிப்பிக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

நான் மெய்ப்புத் திருத்துகிறவன். அடுத்தவர் எழுதியதை வரிவரியாகப் படிப்பதுதான் என் பிழைப்பு. போன வருடம் ஒரு ஃபேண்டசி நாவல் கைக்கு வந்தது. எழுதியவர் இளைஞர், இது அவருக்கு முதல் நாவல். கதை தொடங்கும் முன் பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு முன்னீடு வைத்திருந்தார். அந்தக் கற்பனை நாட்டில் ஏடு எழுதிப் பிழைத்த ஒரு கிழவி பேசுகிறாள். இந்தக் கதையை யார் யாரிடம் கேட்டேன், எந்த ஏட்டில் எத்தனை வரி கரையான் தின்றுபோயிருந்தது, ஆற்றுக்கு இக்கரை ஊரும் அக்கரை ஊரும் ஒரே போரை எப்படி வேறு வேறாகச் சொன்னார்கள், அதில் நான் ஏன் அக்கரைக்காரர்களை நம்பினேன் என்று அவளே சொல்கிறாள். மெய்ப்புப் பார்க்கும்போது எனக்குப் பொதுவாகக் கதை ஏறாது, கண் எழுத்தில்தான் இருக்கும். அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படித்தேன்.

இரண்டாம் மெய்ப்பு வந்தபோது கிழவியைக் காணோம். கேட்டேன். ஃபாரம் கணக்கு என்றார்கள், பதினாறு பக்கம் சேர்ந்தால் அச்சில் ஒரு ஃபாரம். பத்தொன்பது ஃபாரத்தில் 304 பக்கம் சரியாக முடிகிறது, அந்தப் பன்னிரண்டு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் போக முடியாது. அப்புறம், கதை முதல் பக்கத்திலேயே ஆரம்பித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வாசகர் மூடிவைத்துவிடுவார். அந்தக் கவலை எனக்கும் புரிகிறது, அச்சுக்கூலியும் காகித விலையும் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்றிலிருந்து ஒருவருடைய பெயர் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல்.

அவர் பெயர் பெங்கொலோத். ‘லார்டு ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற மோதிரக் கதையை எழுதிய டோல்கீனின் உலகத்தைச் சேர்ந்த எல்ஃப், அதாவது சாவில்லாத இனத்தவர். உங்களில் டோல்கீனை ஊன்றிப் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், ஆனாலும் இந்தப் பெயர் பழக்கமாக இருக்க வாய்ப்பு குறைவு. படங்களில் அவர் இல்லை, மோதிரக் கதையில் இல்லை, அந்த உலகத்தின் பழங்கதைகளைச் சொல்கிற, 1977-ல் வெளிவந்த சில்மரில்லியனிலும் இல்லை. இத்தனைக்கும் சில்மரில்லியனில் நாம் படிக்கிற வரலாற்றில் பெரும்பகுதியை, அந்த உலகத்துக்குள்ளே உட்கார்ந்து எழுதிவைத்தவர் அவர்தான்.

பிறந்தது நெவ்ராஸ்ட் என்கிற கடலோர நாட்டில். நோல்டோர், சிந்தார் என்று இரண்டு இனத்து ரத்தமும் கலந்தவர், இரண்டு மொழியும் அறிந்தவர். முதல் யுகம் 116-ஆம் ஆண்டில் துர்கோன் மன்னன் தன் மக்களைக் கூட்டிக்கொண்டு மலைகளுக்கு நடுவே ஒளித்துக் கட்டிய கோண்டோலின் நகருக்குக் குடிபோனான். நகரம் எழுந்த நாள் முதல் பெங்கொலோத் அங்கேதான் வாழ்ந்தார். 510-ல் காட்டிக்கொடுக்கப்பட்டு, டிராகன்களும் பால்ரோக்குகள் என்கிற நெருப்புப் பூதங்களும் உள்ளே நுழைந்து நகரம் எரிகிற வரைக்கும், கிட்டத்தட்ட நானூறு வருடம். அந்த மலைவளையத்துக்குள் இருந்தபடியே வெளியுலகத்தின் ஆண்டுக்கணக்கை அவர் எழுதத் தொடங்கியிருந்தார்.

நகரம் எரிந்தபோது தப்பியவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கூட்டத்தில் இவரும் வந்தார். கையில் கொண்டுவந்தது என்னவென்று டோல்கீன் குறித்திருக்கிறார்: சில பழைய ஏடுகள், தானே எடுத்த சில படிகள், தன் தொகுப்புகள், தன் உரைக்குறிப்புகள். அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவருடைய அபாரமான நினைவாற்றலால் பிழைத்தது. நான் இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். நானூறு வருடம் சேர்த்த ஏடுகளுக்கு முன்னால் நின்றுகொண்டு எதைத் தூக்குவது, எதை விடுவது? அந்த நேரத்தில் ஒருவர் மூலநூலை எடுப்பாரா, தான் எழுதிய உரையை எடுப்பாரா? இரண்டிலும் கொஞ்சம் எடுத்திருக்கிறார். விட்டுவந்தவை எவை என்று யாருக்கும் தெரியாது என்பதே, முதல் யுகத்தைப் பற்றிய எல்லாக் கதைக்கும் பின்னால் ஒரு புகைமணத்தைத் தருகிறது.

அங்கிருந்து சிரியோன் ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தார். அழிந்த தோரியாத் நாட்டிலிருந்து பிழைத்தவர்களும் அங்கேதான் ஒதுங்கியிருந்தார்கள். ஒரு துறைமுகம், அதில் நாடு இழந்த இரண்டு கூட்டம். அடைபட்ட நகரத்துக்குள் இருந்தவருக்கு வெளியே நடந்ததை நேரில் கண்டவர்கள் இப்போது பக்கத்துக் குடிசையில் இருக்கிறார்கள். அங்கேயும் எழுதினார்.

அதே துறைமுகத்தில் தீர்ஹாவல் என்று ஒருவர் இருந்தார். இவர் மனிதர், பாடல் கட்டுகிறவர். ஹூரினுடைய பிள்ளைகளின் கதையைக் கேட்டுத் தெரிந்தவர்களிடமெல்லாம் தேடித் தேடிக் கேட்டு ஒரே ஒரு நீண்ட பாடலாகக் கட்டினார், அவர் வாழ்நாளில் செய்தது அந்த ஒன்றுதான். பிற்பாடு ஃபெயனோர் என்ற எல்ஃப் இளவரசனின் மைந்தர்கள் அந்தத் துறைமுகத்தைத் தாக்கினார்கள், தீர்ஹாவல் அதில் செத்துப்போனார். பாட்டு தப்பித்தது, எல்ஃபுகள் அதைப் போற்றி வைத்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளில் மூத்தவனான தூரின் தூரம்பாரின் கதையைப் படித்து அழுதவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதைக் கேட்டு எழுதியவர் வாளுக்கு இரையானவர் என்று தெரிந்த பிறகு படித்துப் பாருங்கள், அதே வரிகள் வேறு மாதிரி கனக்கும்.

சரி, பெங்கொலோத்துக்கு வருகிறேன். முதல் யுகம் முடிந்ததும் எல்ஃபுகள் பலர் மேற்கே கப்பலேறினார்கள். இவர் உடனே போகவில்லை. இன்னும் விசாரிக்க வேண்டியது இருக்கிறது என்று இரண்டாம் யுகத்தில் வெகுகாலம் தங்கிவிட்டார். குள்ளர்கள் தங்கள் மொழியை அந்நியருக்குச் சொல்லித்தர மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் குள்ளர்களுடைய கஸாத்-தூமில், பின்னாளில் மோரியா என்று பெயர் வாங்கிய அதே இடத்தில், கொஞ்சகாலம் குடியிருந்தார். குள்ளர்களுக்குப் பேச்சுமொழி போக ஒரு சைகைமொழியும் உண்டு, குழந்தைப் பருவத்திலேயே இரண்டையும் சேர்த்துப் பழகுவார்கள் என்ற செய்தி எல்ஃபு அறிவுக்குள் வந்தது இப்படிப்பட்ட தேடலால்தான். கடைசியில் சௌரோன் என்ற இருள்தலைவனின் நிழல் எரியாதோர் என்கிற நிலப்பகுதியின் மேல் விழுந்தபோது கிளம்பினார். மொழி ஆராய்வதற்கென்றே இருந்த லம்பெங்கோல்மோர் என்ற அறிஞர் குழாமில், இந்தக் கதைகள் நடக்கிற மத்திய பூமியை விட்டுப்போன கடைசி ஆள் அவர். மத்திய பூமியில் அவர் இருந்த காலம் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் வரும்.

எரெஸ்ஸெயா தீவில் தவ்ரோபெல் என்ற ஊரில் குடியேறினார். வெகுகாலம் கழித்து ஆல்ஃப்வினே என்கிற ஒரு பழங்கால ஆங்கிலேய மாலுமி வழிதவறி அந்தத் தீவில் ஒதுங்குகிறான். பெங்கொலோத் சொல்லச் சொல்லக் கேட்டும், ஏடுகளைப் பார்த்தும் தன் மொழியில் பெயர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறான். இந்தக் கதைகளெல்லாம் நமக்கு வந்து சேர்ந்த வழி அதுதான் என்று டோல்கீன் வைத்திருந்தார். பேருக்கு வைத்ததில்லை. ஆல்ஃப்வினே பெயர்த்தது இப்படித்தான் இருந்திருக்கும் என்று அந்த ஆண்டுக்கணக்குகளின் சில பகுதிகளைப் பழைய ஆங்கிலத்திலேயே எழுதியும் பார்த்திருக்கிறார். ஒரு பொய்யான மொழிபெயர்ப்பாளனுக்காக ஒரு பேராசிரியர் இரவு விழித்திருந்து ஆயிரம் வருடத்துக்கு முந்தைய மொழியில் எழுதுகிறார், அது அச்சாகும் என்ற உறுதி எதுவும் இல்லாமல். இதைவிடப் பெரிய அக்கறையை நான் புனைவில் பார்த்ததில்லை.

ஆல்ஃப்வினே ஒருமுறை ஒரு கேள்வி கேட்கிறான். எல்ஃபுகளுக்குச் சாவில்லை, நினைவும் மங்குவதில்லை, அப்படியிருக்க உங்கள் மொழி ஏன் மாறியது, ஒன்று பலவாகப் பிரிந்தது எப்படி? நம் பக்கத்தில் ஒரு பிள்ளை கேட்டால் நமக்கே பதில் வராத கேள்வி. பெங்கொலோத்தின் பதிலை முழுதாக ஒரு சிறு கட்டுரையாக டோல்கீன் எழுதியிருக்கிறார். மாறுவது இந்த உலகத்தின் இயல்பு, அதற்குள் வாழ்கிற நாங்களும் அதற்கு விலக்கில்லை என்று தொடங்குகிறார். மனிதர்கள் தெரியாமலே மாற்றிவிடுகிறீர்கள், நாங்கள் தெரிந்தே, ரசித்து மாற்றுகிறோம் என்கிறார். ஒரு நெசவாளர் நூலின் நிறத்தை மாற்றுவதுபோல ஓர் ஒலியை மாற்றினால் துணி முழுக்க மாற்றுகிறோம், கோலம் அப்படியே இருக்கும் என்று விளக்குகிறார். எனக்கு இதில் பிடித்தது விடையைவிட அவர் விடை சொல்கிற பாங்கு. கேட்டவன் சின்னவன், சாகப்போகிறவன் என்று பாராமல், கேள்வியை மதித்து, மரத்தடியில் உட்கார்ந்து பாடம் சொல்கிற ஆசிரியர் மாதிரி நிதானமாகப் போகிறார். அந்தக் கட்டுரை அச்சில் வந்தது 1996-ல். எண்ணங்கள் சொல் இல்லாமல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போவது எப்படி, ஒரு மனதை இன்னொன்று பலவந்தமாகத் திறக்க முடியுமா என்று அவர் ஆராய்ந்ததன் சுருக்கம் 1998-ல் வந்தது. முடியாது என்பதுதான் அவர் கண்டது. டோல்கீன் இறந்து கால் நூற்றாண்டு கழித்து இந்த அறிஞருடைய ஆய்வு வெளியாகிறது!

இப்போது வெட்டின கதை. 1973-ல் டோல்கீன் காலமானார். மகன் கிறிஸ்டோபர் அப்பாவின் தாள்களை எடுத்துக் கோத்து நான்கு வருடத்தில் சில்மரில்லியனை ஒரே சீரான நூலாகக் கொண்டுவந்தார். மலைபோன்ற வேலை, அவருக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தச் சீருக்காக பெங்கொலோத்தும் ஆல்ஃப்வினேயும் நூலிலிருந்து வெளியேறினார்கள். உலகப் படைப்பைச் சொல்கிற முதல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். டோல்கீனின் கையெழுத்துப் படியில், ரூமில் என்ற எல்ஃப் அறிஞர் இயற்றியது இதோடு முடிகிறது, இதற்குமேல் பெங்கொலோத் ஆல்ஃப்வினேக்குச் சொன்னது என்று பிரித்துச் சொல்லியிருக்கும். அச்சில் அந்தத் தையல் தெரியாது. யாரோ வானத்திலிருந்து சொல்கிற குரல் மாதிரி ஆகிவிட்டது.

ஆறு வருடம் கழித்து, 1983-ல், கிறிஸ்டோபரே எழுதினார்: அந்த நூல் என்ன, அந்த உலகத்துக்குள் அது எப்படி உண்டானது என்று ஒரு சட்டகமும் தராமல் வெளியிட்டது தவறு என்று இப்போது நினைக்கிறேன். அப்படி எழுத எவ்வளவு நேர்மை வேண்டும்! எழுதியதோடு நிற்கவில்லை. அதே ஆண்டு தொடங்கி 1996 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அப்பாவின் வரைவுகளையெல்லாம் வெளியிட்டார், வெட்டப்பட்ட பெங்கொலோத் அந்தத் தொகுதிகள் வழியாகத்தான் நமக்குத் திரும்பக் கிடைத்தார். ரூமிலும் முழுசாகக் கிடைத்தார். தோட்டத்தில் ஒரு பறவை கத்துகிறது, அதன் பேச்சு மட்டும் தனக்குப் புரியவில்லையே என்று பொருமுகிற கிழட்டுப் பன்மொழி அறிஞராக ரூமிலைப் பார்க்கிற பாக்கியம் அந்தத் தொகுதிகளைத் திறந்தவர்களுக்கே.

எழுதியவர் யார் என்பது அலங்காரம்தானே, கதைக்கு அதனால் என்ன என்று சிலர் கேட்பீர்கள். ஃபெயனோரின் மைந்தர்களைப் பற்றி நாம் இணையத்தில் எத்தனை சண்டை போட்டிருக்கிறோம். அவர்கள் கொடியவர்களா, சத்தியத்தில் மாட்டிக்கொண்ட பாவிகளா என்று. அவர்களைப் பற்றி எழுதியவர் கோண்டோலின்காரர். அவர் அடைக்கலம் புகுந்த துறைமுகத்தை அழித்தவர்கள் அவர்கள். அவருக்குத் துணையாகச் செய்தி சொன்ன தோரியாத் அகதிகளின் நாட்டை அழித்தவர்களும் அவர்களே. இதை வைத்துக்கொண்டு அந்த அத்தியாயங்களைத் திரும்பப் படியுங்கள். அவர் எழுதியது பொய் என்று நான் சொல்லவில்லை, என் கணிப்பில் அவர் எதிரிகளுக்கும் கூடியமட்டும் நியாயம் செய்திருக்கிறார், அந்த மைந்தர்களில் மூத்தவனான மாயித்ரோஸின் துயரத்தை அவ்வளவு பரிவோடு சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனால் அது பரிவு என்று தெரிவதற்கே, சொல்கிறவர் யாரென்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கடைசிக் காலத்தில் டோல்கீனுக்குத் தன் உலகம் தட்டையாக இருந்து பிறகு உருண்டையானது என்ற பழைய கதை உறுத்தத் தொடங்கியது. அந்த உலகத்தை ஆளும் தெய்வங்கள் போன்ற வாலார்களிடமே பாடம் கேட்ட எல்ஃபுகளுக்கு உண்மையான வானியல் தெரியாமல் இருக்குமா? அவர்கள் தப்பாக எழுதியிருக்க முடியாது. அப்படியானால் இந்தக் கதைகள் மனிதர்கள் வழியாக, நூமெனோர் என்ற அவர்களுடைய தீவுநாட்டின் வழியாகக் கலங்கி வந்த மரபாகத்தான் இருக்க வேண்டும் என்று மாற்ற நினைத்தார். பாருங்கள், தான் படைத்த அறிஞர்களை அவர் அவ்வளவு தீவிரமாக மதித்தார். ஒரு பிழையை அவர்கள் தலையில் ஏற்ற மனம் வராமல், நூல் வந்த வழியையே மாற்றிக் கட்டப் பார்த்தார்.

இது நமக்கு அந்நியமான பழக்கமும் இல்லை. இறையனார் களவியல் உரையைத் திறந்தால், நக்கீரனார் தம் மகனார் கீரங்கொற்றனாருக்கு உரைத்தார் என்று தொடங்கி, மணலூர் ஆசிரியர் புளியங்காய்ப் பெருஞ்சேந்தனார் உட்பட ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை வந்துதான் நிற்கும். அந்த வரிசையை யாரும் பக்கம் மிச்சம் பிடிக்கிறேன் என்று வெட்டவில்லை.

அதனால் நண்பர்களே, எழுதுகிறவர்களிடம் முதலில் கேட்கிறேன். உங்கள் உலகத்துக்கு வரைபடம் போடுகிறீர்கள், மந்திரத்துக்கு விதி எழுதுகிறீர்கள், ராஜவம்சத்துக்குக் கொடிவழி வரைகிறீர்கள். இதையெல்லாம் அந்த உலகத்தில் எழுதிவைத்தது யார் என்று ஒரே ஒரு நாள் உட்கார்ந்து யோசியுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் வெள்ளைத்தாடியோடு வந்து நாயகனிடம் ரகசியத்தைச் சொல்லிவிட்டு நான்காம் அத்தியாயத்தில் செத்துப்போகிற கிழவரைக் கேட்கவில்லை. ஒரு ஊரில் பிறந்து, ஏதோ ஒன்றை இழந்து, யாரையோ மன்னிக்க முடியாமல், ஆனாலும் அவரைப் பற்றிச் சரியாக எழுத முயன்ற ஒருவரைக் கேட்கிறேன். அவர் கதைக்குள் வராவிட்டாலும் பரவாயில்லை, உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும், வாக்கியத்தில் அது வந்துவிடும்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு: மூலத்தில் முன்னீடும் பின்னிணைப்பும் இருந்தால் அதுவும் நூல்தான். பெயர் உச்சரிப்புக் குறிப்பு, காலக்கணக்கு, ஏட்டின் வரலாறு எல்லாம். கதைப்பகுதிக்கு மட்டும் ஒப்பந்தம் பேசினால், மீதியைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள், கடைசி நேரத்தில் கேட்டால் நடக்காது.

பதிப்பாளர்களுக்கு ஒரு மெய்ப்புக்காரனாகச் சொல்கிறேன், இடம் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பின்னிணைப்பை 9.5 பாயின்ட்டில் போடலாம், வரி இடைவெளியைக் கொஞ்சம் இறுக்கலாம், ஒவ்வொரு அத்தியாயத்தையும் வலப்பக்கத்தில்தான் தொடங்குவோம் என்ற பிடிவாதத்தை விட்டால் வெற்றுப்பக்கங்கள் மட்டுமே ஏழெட்டு மிச்சமாகும். முன்னால் வைத்தால் வாசகர் ஓடிவிடுவார் என்று தோன்றினால் பின்னால் வையுங்கள். கதையைப் படித்து முடித்து மனசு ஆறாமல் கடைசிப் பக்கங்களைப் புரட்டுகிற வாசகருக்கு அது அங்கே கிடைக்கட்டும்.

அந்த நாவலின் பதிப்பாளர் இதைப் படிக்க நேர்ந்தால்: உங்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. கிழவியின் பன்னிரண்டு பக்கமும் முதல் மெய்ப்பில் வந்தபடியே என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. ஏழாம் பக்கத்தில் ஓர் ஒற்றுப்பிழை, பத்தாம் பக்கத்தில் ஊர்ப்பெயர் ஒன்று இரண்டு விதமாக வந்திருந்தது, இரண்டையும் திருத்திவைத்திருக்கிறேன். இரண்டாம் பதிப்பு போடும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள், அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.